இரண்டு நெல்லிக்கொட்டாய்

போன மாதம் நித்யா கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கம்பெனியில் புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவந்திருக்கிறார்களாம். மென்பொருளின் ஒரு கிளையில் சரிசெய்த பிழையை மற்றக் கிளைகளுக்கு அதுவே எடுத்துப்போய்ச் சேர்த்துவிடுமாம், அந்தத் திருத்தம் தேவைப்படாத கிளைகளை அதுவே ஒதுக்கியும் விடுமாம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா நம்ம பழைய ஏற்பாட்டுல ஒண்ணு மட்டும் அதுக்குள்ள உட்கார மாட்டேங்குது. ஒரு கிளைக்கு 'தேவையில்லை'ன்னு போட்டா, பக்கத்துல 'எதுவரைக்கும்'னு ஒரு கட்டம் வருது. அதை நிரப்பாம மூடவே முடியல. இந்தக் கட்டம் எதுக்கு? எடுத்துடட்டுமா?"

"எடுக்காதே" என்று மட்டும் சொன்னேன். காரணத்தை அப்போது சொல்ல வரவில்லை. வாயெடுத்தால் கல்வராயன் மலையில் போய்த்தான் நிற்கும் என்று தெரியும். அவளுக்கு அடுத்த மீட்டிங் இருந்தது. அதனால் எழுதிவைக்கிறேன்.

எனக்கு ஊர் வடக்கனந்தல். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டியவர்கள். நான் கள்ளக்குறிச்சியில் படித்து, சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் தகவல் அடிக்கும் வேலைக்கு நுழைந்து, அங்கேயே சோதித்துப் பார்ப்பவளாகி, கடைசியில் வெளியீட்டுப் பிரிவுக்கு வந்துசேர்ந்தேன். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

நாங்கள் செய்தது ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருள். யாராவது கூப்பிட்டால், எந்த ஊர், அதற்குப் பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்து, அந்த ஓட்டுநருக்குத் தகவல் கொடுக்கும். சொந்தமாக ஆம்புலன்ஸ் ஓட்டும் ஆஸ்பத்திரிகள் எங்களிடம் வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி வேண்டும். ஒருவர் திரையைத் தமிழில் கேட்பார், இன்னொருவர் வரைபடமே வேண்டாம் என்பார். அதனால் மூல நிரலை ஒரு நாள் பிரதி எடுத்து, அந்த வாடிக்கையாளருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்போம். அந்தப் பிரதிதான் கிளை. பிரித்த நாளிலிருந்து அது தனியாக வளரும். மூலத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், கிளைகளில் அந்தப் பிழை அப்படியே இருக்கும். யாராவது ஒவ்வொரு கிளையாகப் போய்ப் பார்த்து, அந்தத் திருத்தத்தைச் சேர்க்கவேண்டும். அந்த யாராவது நாங்கள்தான்.

எங்கள் பிரிவின் தலைவி ஹெலன் மேடம். மெல்லப் பேசுவார். அடுத்தவர் திரையைப் பார்க்கும்போது உட்காரமாட்டார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே பார்ப்பார். "பிழையைச் சரிபண்ணியாச்சு மேடம்" என்று யாராவது போய்ச் சொன்னால், சந்தோஷமும் இல்லாமல் சலிப்பும் இல்லாமல் "எங்கெங்க?" என்பார். அதற்குப் பதில் இல்லாவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பிறகு அவர்களே நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வார்கள்.

அவர் வைத்திருந்த முறை இது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு நேராக எல்லாக் கிளைகளின் பெயரும் இருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் நான்கு சொற்களில் ஒன்றைப் போடவேண்டும்: சேர்க்கணும், சேர்த்தாச்சு, ஓட்டிப் பார்த்தாச்சு, தேவையில்லை. வெற்றாக விடக்கூடாது. திருத்தத்தைச் சேர்த்தவர் 'ஓட்டிப் பார்த்தாச்சு' போடக்கூடாது. அதை இன்னொருவர் போடவேண்டும். அவரும் எடுத்தவுடன் புது நிரலை ஓட்டக்கூடாது. முதலில் பழையதை ஓட்டி, அந்தப் பிழையைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு புதியதை ஓட்டி, அது இல்லை என்று பார்க்கவேண்டும்.

"நீங்க பார்க்காத நோய் போயிடுச்சுன்னு நீங்க எப்படி சொல்வீங்க?" என்பார்.

இந்த முறை ஒரே நாளில் வந்ததில்லை. நான் அந்தப் பிரிவுக்குப் போன புதிதில், கூப்பிட்டவர் ஊரைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துபோனால் அந்த அழைப்பின் பதிவே மறைந்துவிடுகிற பிழை ஒன்று இருந்தது. எல்லாக் கிளைகளிலும் சேர்த்து, 'சேர்த்தாச்சு' என்று போட்டு மூடினோம். கொஞ்ச நாளில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து அதே புகார் வந்தது. எங்கள் ஏற்பாடு 'சேர்த்தாச்சு' என்கிறது. நிரலைத் திறந்தால் திருத்தத்தைக் காணவில்லை. வேறு ஒரு மாற்றத்துக்காக வந்த ஒருவர் தன் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கோப்பை அதன்மேல் ஏற்றிவிட்டிருந்தார். மேடம் யாரையும் திட்டவில்லை. 'சேர்த்தாச்சு' என்பது ஒருவர் செய்ததைச் சொல்கிறதே தவிர, இன்றைக்கு அது இருக்கிறதா என்பதைச் சொல்லவில்லை என்றார். அன்றிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு பதிப்பிலும் பழைய பிழைகளைத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பது வழக்கமானது. மூன்று சொற்களைக் காவல் காத்தோம். நான்காவது சொல்லை யாரும் சந்தேகப்படவில்லை.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் மென்பொருள் யாரையும் கேட்காமல் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது என்ற பிழை முதலில் டெல்டா பக்கத்து வாடிக்கையாளர் ஒருவரிடம் தெரிந்தது. அங்கே அந்த ஓட்டுநருக்கு ஊரும் ஆளும் தெரிந்திருந்ததால் வழியிலேயே திருப்பிக்கொண்டு போய்விட்டார், ஒன்றும் ஆகவில்லை. திருத்தத்தைச் செய்தவன் தேவராஜ். எங்கள் பிரிவிலேயே நிதானமானவன். ஒரே பெயர் இருந்தால் இரண்டையும் திரையில் காட்டி, எந்தப் பஞ்சாயத்து என்று கேட்கச் சொல்லும்படி மாற்றினான். பிறகு ஒவ்வொரு கிளையாகப் போனான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி எங்கள் வாடிக்கையாளர். மலைக்கும் மலையடிவாரத்துக்கும் வண்டி ஓட்டினார்கள். அவர்களுடைய கிளை பழசு, ஊரைத் தேடும் திரையே வேறு மாதிரி. திருத்தத்தை அதில் சேர்க்கவேண்டுமானால் பாதித் திரையைப் பிரித்து மாட்டவேண்டும். தேவராஜ் அவர்களுடைய ஊர்ப் பட்டியலை முழுவதும் இறக்கி வரிசைப்படுத்திப் பார்த்தான். ஒரு பெயர்கூட இரண்டு தடவை வரவில்லை. 'தேவையில்லை' என்று போட்டு, பக்கத்தில் காரணமும் எழுதினான்: இவர்கள் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு ஊர் கிடையாது. மேடம் நின்றபடி படித்துவிட்டுத் தலையசைத்தார். ஓடிக்கொண்டிருக்கிற நிரலில் காரணமில்லாமல் கை வைப்பதும் ஆபத்துதான். அன்றைக்கு அது சரியான முடிவு. இன்றைக்கு யோசித்தாலும் சரியான முடிவுதான்.

பிறகு அந்த ஆஸ்பத்திரி சேவையை விரிவுபடுத்தியது. அதுவரை வெள்ளிமலைப் பக்கம் மட்டும் போன வண்டிகள், மலையின் மேற்கே கருமந்துறைப் பக்கமும் போக ஆரம்பித்தன. அந்தப் பக்கத்து ஊர்களின் பெயர்களை அவர்கள் ஆபீசிலேயே பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கான வசதியை நாங்கள்தான் கொடுத்திருந்தோம். எங்களிடம் சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மலையில் பத்து இருபது வீடுகள் சேர்ந்த குடியிருப்பைக் கொட்டாய் என்பார்கள். நெல்லிக்கொட்டாய் என்று வெள்ளிமலைப் பக்கம் ஒன்று இருந்தது. மேற்கேயும் ஒன்று இருந்தது.

கிழக்கே இருந்த நெல்லிக்கொட்டாயில் சின்னப்பொண்ணு என்பவர் அறுத்துப் போட்ட சாமைக் கட்டைத் தூக்கும்போது, அடியில் கிடந்த கண்ணாடி விரியன் இடது கையில் கடித்துவிட்டது. பட்டப்பகல். கூட வேலை செய்தவர்கள் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் அழைப்பை எடுத்த பெண் ஊர்ப்பெயரை அடித்தாள். மென்பொருள் ஒரு நெல்லிக்கொட்டாயை மட்டும் காட்டியது, புதிதாகச் சேர்த்ததால் பட்டியலில் முதலில் நின்ற மேற்கு நெல்லிக்கொட்டாயை. அதற்குப் பக்கத்தில் நின்ற வண்டியை அனுப்பியது.

வண்டியை ஓட்டிப்போனவர் சலீம். அங்கே போய் இறங்கி, வீடு வீடாகப் பாம்பு கடித்தவர் யார் என்று கேட்டிருக்கிறார். யாரும் இல்லை. கூப்பிட்ட எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை, கூப்பிட்டவர்கள் மேட்டிலிருந்து இறங்கிவிட்டார்கள். ஒரு வயசானவர்தான், "அந்தாண்ட வெள்ளிமல பக்கம் ஒரு நெல்லிக்கொட்டா இருக்குதே, அதுவா பாரு" என்றிருக்கிறார். சலீம் வண்டியைத் திருப்பினார். மலையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. இதற்குள் சின்னப்பொண்ணுவின் வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு, மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் மினி லாரியில் அவரைப் படுக்கவைத்துக்கொண்டு இறங்கினார்கள். இரண்டும் வழியில் சந்தித்தன, சலீம் அவரைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிர் பிழைத்தது. இடது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

சீக்கிரம் வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் டாக்டரைக் கேட்டார்களாம். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம்.

புகார் எங்களுக்கு வந்த அன்று, தேவராஜ்தான் அதை முதலில் படித்தான். படித்துக்கொண்டே அவன் கை தானாகப் பிழைகளின் பட்டியலைத் திறந்தது. தன் பெயரையும், தான் எழுதிய காரணத்தையும் பார்த்தான். எழுந்து வெளியே போனான். நான் பின்னால் போனேன். மாடிப்படியில் நின்றிருந்தான்.

"நான் பார்த்தேன் சரசு. சத்தியமா பார்த்தேன். அன்னிக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"அதை நான் யார்கிட்ட போய் சொல்றது?"



இயக்குநர் அறையில் மதியம் கூட்டம் நடந்தது. இயக்குநர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். "அங்க டவர் இல்லைங்கறதும் உண்மைதானே. திரும்பக் கூப்பிட்டப்ப எடுத்திருந்தா வண்டி அப்பவே திரும்பியிருக்குமே. நெட்வொர்க் பிரச்சினைன்னு சொன்னா பொய் ஆகாது" என்றார்.

"பொய் ஆகாது சார்" என்றார் ஹெலன் மேடம். "ஆனா காரணம் அது இல்ல. நாம அப்படி சொன்னா அவங்க டவரைச் சரிபண்ணுவாங்க, இது அப்படியே கிடக்கும்."

"ஆஸ்பத்திரிக்கு உண்மையைச் சொல்லலாம். அந்தம்மாகிட்ட போய் என்ன சொல்லுவீங்க? கிளை, திருத்தம், இதெல்லாம் அவங்களுக்கு..."

"சொல்லிப் பார்க்கறேன். புரியலைன்னா அது என் தப்பு" என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்தார். "சரஸ்வதி, நீங்க அந்தப் பக்கம்தானே? கூட வாங்க."

எனக்கு மலையைக் கீழிருந்து பார்த்துத்தான் பழக்கம். வடக்கனந்தலில் எங்கிருந்து நிமிர்ந்தாலும் தெரியும். மழை அங்கே இறங்கினால் இங்கே ஏரிக்குத் தண்ணீர் வரும் என்பதோடு என் மலை அறிவு முடிந்தது. சின்னப்பொண்ணு வீடு திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும் கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து சலீமின் வண்டியில் மலை ஏறினோம். எங்களை அழைத்துப்போகிறேன் என்று அவரேதான் கேட்டு வந்திருந்தார்.

"நான் அந்தாண்ட போய் ஒவ்வொரு வூடா தட்டிக்கினு இருந்தேங்க. ஒரு வூட்ல கொழந்தைக்கு சோறு ஊட்டிக்கினு இருந்தாங்க, 'இங்க யாரையும் கடிக்கலையே'ன்னு சிரிச்சாங்க" என்றார். "டேஷ்போர்டுல ஊர் பேரு கரெக்டா காட்டுதுங்க. பேரு கரெக்டு. ஊருதான் தப்பு."

மேடம் வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தார். சலீம் சொன்னதைக் கேட்டதும் கண்ணைத் திறந்தார்.

சின்னப்பொண்ணு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். நாற்பதுக்குமேல் இருக்கும். கட்டுப் போட்ட இடது கை மடியில் கிடந்தது, வலது கையால் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் கோவிந்தன் எங்களுக்குப் பாயைப் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டார்கள் என்பதால் எங்களை யார் என்று புரியாமல் பார்த்தார்.

"வண்டி எங்க போகணும்னு சொல்ற மிஷினை செஞ்சவங்க நாங்கதான்" என்றார் மேடம்.

"மிஷினா? அங்க ஒரு பொண்ணு தானே பேசுச்சி?" என்றார் கோவிந்தன்.

"அந்தப் பொண்ணு நீங்க சொன்ன ஊரைச் சரியாத்தான் அடிச்சது. மிஷின் ரெண்டு ஊரையும் காட்டி, எதுன்னு கேக்க சொல்லியிருக்கணும். கேக்கல. ஒண்ணை மட்டும் காட்டிடுச்சு."

கோவிந்தன் தலையாட்டினார். "மிஷினுன்னா கெட்டுப்போவும்தான். இன்னா பண்றது."

அங்கேயே நிறுத்தியிருந்தால் நிறுத்தியிருக்கலாம். அவர் எங்களை மன்னிக்கத் தயாராக இருந்தார். மேடம் நிறுத்தவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி மிஷின் இல்லை, ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக் கொடுத்திருக்கிறோம், ஒன்றில் ஓட்டை தெரிந்தால் அதை அடைப்போம், மற்றதிலும் அந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடைக்கவேண்டும், அதுதான் எங்கள் வேலை என்று சொல்லிக்கொண்டே போனார். சின்னப்பொண்ணு கல் பொறுக்குவதை நிறுத்தினார்.

"அப்ப வேற ஊர்ல இந்த மாதிரி ஆயிருக்குதா?"

"ஆயிருக்கும்மா. தஞ்சாவூர் பக்கம். அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"எங்களுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

"அப்போ உங்களுக்கு தெரிஞ்சிருந்திச்சி."

சலீம் வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் பிழைகளைப் பற்றி எத்தனையோ பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நாங்களும் சொல்லியிருக்கிறோம், பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்திருக்கிறது. இங்கே அந்தப் பதில் எங்களிடம் இல்லை. பிழையும் தெரியும், அதற்கான திருத்தமும் கையில் இருந்தது.

"தெரிஞ்சிருந்தது" என்றார் மேடம். "அதை உங்களுக்கும் சேக்கணுமான்னு பார்த்தோம். அப்ப ஆஸ்பத்திரி பட்டியல்ல ஒரு நெல்லிக்கொட்டாய்தான் இருந்தது. அதனால இங்க தேவையில்லைன்னு முடிவு பண்ணோம். அப்புறம் அந்தப் பக்கத்து ஊரையும் சேத்தாங்க. நாங்க திரும்ப வந்து பார்க்கல."

சின்னப்பொண்ணு முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மேடத்தைப் பார்த்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கணக்குப் பார்க்கிறவரின் முகம்போல இருந்தது.

"இப்ப அந்தாண்ட நெல்லிக்கொட்டால யார்னா கூப்பிட்டா?"

"கள்ளக்குறிச்சியில இப்போதைக்கு அந்தப் பொண்ணுங்களையே கேக்க சொல்லியிருக்கோம், எந்தப் பக்கம்னு. மிஷினையும் மாத்திக்கினு" என்று ஆரம்பித்த நான், என் வாயில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டதை உணர்ந்து நிறுத்தி, "மாத்திட்டிருக்கோம்" என்றேன். அவர் அதைக் கவனித்தார்.

"நீ எந்த ஊரு?"

"வடக்கனந்தலுங்க."

"கீழ தான். அப்ப நீ சொல்லு. இந்த மாதிரி 'வேணாம்'னு எழுதி வச்சிருக்கிறது இன்னும் எத்தினி இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை. மேடத்துக்கும் தெரியவில்லை. 'சேர்க்கணும்' எத்தனை பாக்கி இருக்கிறது என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்போம். அதை ஒவ்வொரு திங்கட்கிழமையும் எண்ணுவோம். 'தேவையில்லை'யை ஒரு நாளும் எண்ணியதில்லை. முடிந்துபோன காரியத்தை யார் எண்ணுவார்கள்?

"எண்ணிட்டு வந்து சொல்றோம்" என்றேன்.

"எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது. யாருக்கு வேணுமோ அவங்களுக்கு சேத்துட்டு போங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை இழுத்துக்கொண்டார். கோவிந்தன் மரவள்ளிக்கிழங்கு அவித்ததைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மேடம் சாப்பிட்டார்.

திரும்பி வந்ததும் எல்லாக் கிளைகளிலும் இருந்த 'தேவையில்லை'களைத் திறந்தோம். புது வேலை எல்லாம் நின்றது. இயக்குநர் முணுமுணுத்தார், தடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் எழுதிய காரணத்தைப் படித்து, அந்தக் காரணம் இன்றைக்கும் நிற்கிறதா என்று வாடிக்கையாளரையே கேட்டோம். பெரும்பாலானவை நின்றன. 'இவர்களிடம் இரவுப் பணி கிடையாது' என்று எழுதியிருந்த ஓர் இடத்தில் இரவுப் பணி ஆரம்பித்திருந்தார்கள். நள்ளிரவைத் தாண்டினால் வண்டியின் இருப்பு நேற்றைய தேதியில் மாட்டிக்கொள்ளும் பிழை அங்கே உயிரோடு இருந்தது. யாருக்கும் எதுவும் ஆவதற்கு முன்னால் அதை அடைத்தோம். அதைப் பற்றி யாரும் எங்களைப் பாராட்டவில்லை, நடக்காததற்கு யார் பாராட்டுவார்கள்? ஆனால் அன்று மதியம் எங்கள் பிரிவில் எல்லோருமே சத்தமாகப் பேசிக்கொண்டு சாப்பிட்டது நினைவிருக்கிறது.

அதன் பிறகுதான் அந்தக் கட்டம் வந்தது, நித்யா. ஒரு கிளைக்குத் 'தேவையில்லை' என்று எழுதுகிறவர், எது மாறாமல் இருக்கும்வரைக்கும் தேவையில்லை என்பதையும் எழுதவேண்டும். 'ஊர்ப் பட்டியலில் புதிதாக எதுவும் சேராதவரைக்கும்.' 'இரவுப் பணி இல்லாதவரைக்கும்.' அது மாறினால் பிழை தானாகத் திறந்துகொண்டு 'சேர்க்கணும்' என்று வந்து நிற்கும்படி செய்தோம். நிரலுக்குள்ளிருந்தே தெரியக்கூடிய மாற்றங்களுக்கு அது போதும். வாடிக்கையாளர் தன் ஆபீசிலேயே ஊர் சேர்ப்பதைப்போல நிரலுக்கு வெளியே நடப்பதை யாராவது போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். உன் புதுக் கருவி நிரலைப் படிக்கும். ஒரு ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப்பக்கமும் வண்டி விட ஆரம்பித்துவிட்டதை அது எங்கே படிக்கும்?

தேவராஜைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த விளக்கத்தில் மேடம் அவன் பெயரைப் போடவில்லை. "நம்ம முறை விட்டது, அவர் விடல" என்றார். தேவராஜுக்கு அது ஆறுதலாக இல்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று இரண்டு முறை வந்து நின்றான். இரண்டாவது முறை மேடம், "போங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை மலைக்குப் போய்ட்டு வாங்க" என்றார்.

அவன் மட்டும் பஸ் பிடித்துப் போனான். திரும்பி வந்து வழக்கம்போல வேலையைப் பார்த்தான். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவனாகச் சொன்னான்.

"நான்தாங்க அதை எழுதினவன்னு சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. 'பாத்துட்டு தானே எழுதுன?'ன்னு கேட்டாங்க. பாத்துட்டுதான்னேன். 'அப்புறம் ஏன் பாக்கல?' யாரும் பாக்க சொல்லலைன்னேன். சொல்லும்போதே எனக்கு அது ரொம்ப அசிங்கமா இருந்துச்சு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சாமை மூட்டையை உள்ள தூக்கி வைக்கணும், ஒரு முனையைப் புடின்னாங்க. அவங்களால இப்ப ரெண்டு கையால இறுக்கிப் புடிக்க முடியல. புடிச்சு வச்சேன். அப்புறம் இன்னொரு மூட்டை. எல்லாத்தையும் வச்சிட்டு, வெளியில வந்து நின்னேன். 'பஸ்ஸு பூடும், கெளம்பு'ன்னாங்க. அவ்வளவுதான்."

"கோபமா?"

"தெரியல சரசு. மன்னிச்சாங்களான்னும் தெரியல. நான் கேக்கல."

அவன் வேலையை விடவில்லை. மேடத்திடம் போய், வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் கேட்கிற வேலையைத் தனக்குக் கொடுக்கச் சொன்னான். அது யாருக்கும் பிடிக்காத வேலை. நிரல் எழுதத் தெரிந்தவன் போனில் உட்கார்ந்து "எப்படிங்க இருக்கீங்க" என்று கேட்பதை மற்றவர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். அவன் முதல் அழைப்பைச் செய்த அன்று நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். மேற்கு மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி. எதிர்முனையில் ஓர் இளம் பெண்ணின் குரல், ஸ்பீக்கரில்.

"வண்டி எல்லாம் நல்லா ஓடுதுங்க சார். மென்பொருள்ல ஒரு பிரச்சினையும் இல்ல."

"பிரச்சினை இல்லைங்களே, நல்லது. உங்க பக்கம் ஏதாவது மாறியிருக்கா? புதுசா ஊர் எதுவும் சேத்தீங்களா?"

"ஆமாங்க சார், போன வாரந்தான் கொஞ்சம் சேத்தோம்." பிறகு அவளே கேட்டாள். "ஏனுங்க சார், அதை உங்ககிட்ட சொல்லணுமா?"

தேவராஜ் நாற்காலியை மேஜையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஒவ்வொரு ஊராச் சொல்லுங்க" என்றான்.